மூன்றாம் மாத மார்க்

கோவையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறார்கள் என்று கேள்வி கேட்டு, நூற்றுக்கு இத்தனை என்று போடுவது என் வேலை. படி ஏற முடிகிறதா, காரில் உட்கார முடிகிறதா, சாக்ஸ் மாட்ட முடிகிறதா. வாழ்நாளில் சாக்ஸ் போடாதவர்களிடமும் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

தாராபுரம் பக்கம் வெங்காயக் காட்டில் கூலி வேலை செய்த அம்மா ஒருவர். ஆபரேஷன் முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று சொன்னேன்: "கீழ குந்தவே கூடாதுங்கம்மா. நடுவுல ஓட்டை இருக்கற கக்கூஸ் சேர் ஒன்னு வாங்கிக்கங்க."

"சரிங்க அம்மணி."

எதிராளி மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் சரிங்க சொல்கிறவர்கள் கோவைப் பக்கத்துக்காரர்களான நாங்கள். எனக்குத் தெரியாததா? ஆனால் வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

மூன்றாம் மாதம் மருமகளோடு வந்தார். வலி? "ஒன்னும் இல்லைங்க." நடை? "நல்லா நடக்கறனுங்க." நடந்தும் காட்டினார். "எத்தனை மார்க்குங்க?" என்றார். தொண்ணூற்று நாலு என்றதும் மருமகளைப் பார்த்து ஒரு சிரிப்பு. சிரித்த உதடு வெடித்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். அந்த மார்க்கை மற்றவர்களிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அடுத்த மாதமே கடும் காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். சிறுநீரில் கிருமி, அது ரத்தத்தில் கலந்து புது மூட்டுக்குப் போயிருந்தது. மருமகள்தான் அழுதுகொண்டே சொன்னாள். வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கழிப்பறை. சேர் வாங்கினால் அதை மருமகள் கழுவ வேண்டுமே என்று கூச்சப்பட்டு, அம்மா வாங்கவே விடவில்லை. அடிக்கடி குந்தப் போகாமல் இருக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். நாளுக்கு இரண்டு டம்ளர்.

என் தாளில் கழிப்பறையைப் பற்றிக் கேள்வி இல்லை. கேட்க எனக்கு வாய் இருந்ததே.

வைத்த மூட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் வார்டுக்குப் போனேன். அழக் கூடாது என்று போனவள், சத்தம் போட்டுவிட்டேன். "ஏனுங்கம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. நீங்க போட்ட மார்க்கைக் கெடுத்துப்போட்டேன்."

டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தது. எழுந்து போக வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் இரண்டே வாய் குடித்துவிட்டு, "போதுங்க" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.