தண்ணீரில் கனக்காத உடம்பு

பஸ் ஜன்னல் வழியே கண்மாய்ப் புதுத்தண்ணீரின் வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அது வெள்ளைக்காரன் ஆட்சி முடியப்போகும் சமயம். திருச்சுழிப் பக்கம் நல்ல மழை. எனக்கு ஒன்பது வயது. வயதுக்கு மீறிய உடம்பு. தரையில் கட்டம் கீறிப் பாண்டி ஆடும்போது ஒற்றைக்காலில் நிற்க முடியாமல் விழுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். தோழி ரோசம்மாள் மட்டும் சிரிக்கமாட்டாள்.

ஒருநாள் அவளோடு கண்மாய்க்குப் போனபோது கால் வழுக்கி ஆழத்தில் விழுந்தேன். பயத்தில் கைகால் விறைத்துப்போயின. ஆனால் மூழ்கவில்லை. கலங்கல் தண்ணீர் என்னை மல்லாக்க ஏந்திக்கொண்டது. காதுக்குள் ஊரே அடங்கிப்போனது. மேலே ஒரு கொக்கு மெதுவாகப் பறந்தது. கையை அசைத்தேன், உடம்பு முதன்முறையாக நான் நினைத்த பக்கம் போனது.

அழுதுகொண்டிருந்த ரோசம்மாள் கரையிலிருந்து கேட்டாள்: "ஏடி, எப்புடிடி மெதக்குற?"

"தெரியலடி. சும்மா படுத்திருக்கேன்."

அதற்குப் பிறகும் பாண்டியில் விழத்தான் செய்தேன். ஆனால் சாயங்காலமானால் கண்மாயில், சிரித்த பிள்ளைகளே என் தோளைப் பிடித்துக்கொண்டு நீந்தப் பழகினார்கள்.

"திருச்சுழி எறங்குறவுக வாங்க" என்றார் கண்டக்டர். எழுந்திருக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருந்தேன்.