பின்னறைப் பூஞ்சணம்

என் தங்கச்சியின் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, அவளை விடத்தல்தீவில் தனியே விட மனமில்லாமல், மன்னாரில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். குளியலறையை ஒட்டிய பின்னறையை ஒழித்துக் கொடுத்தோம். அவளது அலுமாரியைச் சுவரோடு தள்ளி வைத்தபோது, "இனி இதுதான் உன்ர வீடு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

மாரி தொடங்கியதும் அந்த அறையில் ஈரச் சாக்கு மணம் வந்தது. சுவரின் அடியில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. குளோரின் கரைத்த தண்ணீரால் நானும் அவளும் தேய்த்துக் கழுவினோம். என் கணவர் மேலே வெள்ளை அடித்தார். கிழமை திரும்பமுன் பூஞ்சணம் வெள்ளையைத் துளைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"உப்புக் காத்துதானே, எல்லா வீட்டுச் சுவரும் இப்படித்தான்" என்றார் கணவர். நானும் அப்படித்தான் நம்பினேன். கடல் சூழ்ந்த ஊரில் துருவுக்கும் ஈரத்துக்கும் வேறு காரணம் தேடுவாரில்லை.

தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சு இழுக்கும். விடியற்காலையில் அவள் கட்டிலில் படுக்க முடியாமல் கதிரையில் நிமிர்ந்து இருப்பதைப் பார்த்து, முன்னறைக்கு வரச் சொன்னேன்.

"வேண்டாம் அக்கா. பிள்ளைகள் படிக்கிற இடம். எனக்கு ஒண்டுமில்லை, மழை விட்டாச் சரியாயிடும்."

கோயில் திருநாளுக்குச் சேலை எடுக்க அவள் அலுமாரியைத் திறந்தாள். கூப்பிட்டாள் என்று போனேன். அடித்தட்டில் அவளுடைய கணவரின் கலியாணக் கோட் கிடந்தது. மா தூவியதுபோல அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். இருவருமாக முற்றத்துக்குக் கொண்டுபோய், தூரிகையால் தட்டி, கொடியில் வெயிலுக்குப் போட்டோம். அவள் அதன் தோள்பட்டையைப் பிடித்து உதறியபோது துணி நூல் நூலாகப் பிரிந்தது.

"ஒருக்காத்தான் போட்டவர்" என்றாள். "சூடு தாங்கேலாமல் தாலி கட்டினதும் கழட்டிப்போட்டார்."

சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள். அன்று பின்னேரம் குசினிக்குப் பின்னால் தென்னோலை கொளுத்தி, கோட்டைத் தானே எரித்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

சில நாட்களில், நானாட்டானில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்திருப்பதாகவும், கடையோடு அறை தருகிறார்கள் என்றும் சொன்னாள்.

"ஏன் பிள்ளை, நாங்கள் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டமோ?" என்று என் கணவர் கேட்டார்.

"இல்லை அத்தான். இங்க மூச்சு விட ஏலாமக் கிடக்கு."

அத்தனை மாதத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவளுடைய சாமான்கள் போனபிறகு வெறுஞ்சுவரைப் பார்த்தோம். அலுமாரி நின்ற இடம் முழுக்கக் கறுத்திருந்தது. கணவர் பூச்சைக் கொத்தினார். உள்ளே குளியலறைக்குப் போகும் பைப்பின் பொருத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காற்றுமில்லை, கடலுமில்லை. சின்னப் பொருத்து ஒன்றை மாற்றியதோடு வேலை முடிந்தது. சுவர் காயத்தான் காலம் எடுத்தது.

அடுத்த மாரிக்கு அறை உலர்ந்து கிடந்தது. அவளுக்குப் பிடித்த இளநீல வர்ணம் அடித்துவிட்டு, திரும்பி வரச்சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"சந்தோசம் அக்கா" என்றாள். "ஆனா எனக்கு இங்க பழகிப்போச்சு. குறை நினைக்காதேங்கோ."

கோட் போனதைவிட இதுதான் என்னை வருத்துகிறது: ஒரு மாரி முழுவதும் அவள் என் வீட்டில் விருந்தாளியைப்போல இருமலை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் பிறகு வருவாள். குசினியில் என்னோடு மீன் வெட்டுவாள், சாப்பிடுவாள், பிள்ளைகளோடு கதைப்பாள். இருட்டமுன் கைப்பையை எடுத்துவிடுவாள்.

"இண்டைக்கு நிண்டுட்டுப் போவன்" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

"பஸ் போயிடும் அக்கா, வாறன்" என்கிறாள்.