பாலத்து ஏற்றம்

நன்னிலம் பக்கம் தரை தாம்பாளம் மாதிரி சமம். அதனால் ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்தால் ஒருத்தரும் மாற்றமாட்டார்கள். கியரில் போட்டு நிறுத்திவிட்டுப் போவார்கள். ஊருக்கு இருக்கும் ஒரே மேடு ஆற்றுப்பாலத்து ஏற்றம். கேபிள் அறுந்து கிடந்த பக்கிரியின் பழைய பிக்கப், நெல் மூட்டைகளோடு கியர் சிக்கி அங்கேதான் நின்றது.

மாற்று கியர்பாக்ஸோடு வந்த மெக்கானிக் அப்துல் ஜலீல், "சக்கரத்துக்குக் கல்லு வைய்யா" என்றார்.

"கியர்லதான் கெடக்கு பாய், எங்க ஓடிடப் போவுது?" பக்கிரி வண்டிக்குப் பின்னால் நின்று பீடி பற்றவைத்தான்.

தண்டு கழன்றால் கியர் பிடிக்காது என்று காலமெல்லாம் வண்டிக்கடியில் படுத்தவருக்குத் தெரியாதா என்ன? மழை இருட்டிக்கொண்டு வந்தது, நெல் நனைந்துவிடும். அந்த அவசரத்தில் படுத்து, கியர்பாக்ஸையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் தண்டைக் கழற்றினார். கடைசி போல்ட் கைக்கு வந்ததும் மேலே வானம் தெரிந்தது. வண்டி பின்னால் உருண்டுவிட்டது. பக்கிரி கத்தக்கூட இல்லை.

காரியம் முடிந்து அவன் மனைவி மங்களாம்பிகை வந்தாள். "ஓட வச்சுக் குடுங்க பாய். வித்துடறேன்."

ஜலீல் கியர்பாக்ஸை மாற்றினார். யாரும் கேட்காமலே புது ஹேண்ட் பிரேக் கேபிளும் போட்டார். அதே ஏற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, பிரேக்கை இழுத்தார்.

படுபாவி வண்டி இம்மிகூட நகரவில்லை.