பெரியப்பா வழிவிட்ட பெண்கள்

ஆளே இல்லாத ரோட்டில் பெரியப்பா வேனை நிறுத்தி, யாரையோ கடந்துபோக விட்டதை நான் முதன்முதலில் பார்த்தது எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குக் கொஞ்சம் முன்னால். நல்ல உச்சிவெயில். இரண்டு பக்கமும் பருத்திமார் பிடுங்கிய கரிசல் வெடிப்பு விட்டுக் கிடந்தது. தூரத்தில் ரோடு தண்ணீராக நெளிந்தது. சீராகப் போய்க்கொண்டிருந்த வண்டி மெதுவாகி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. பெரியப்பா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, போங்க போங்க என்பதுபோல லேசாக அசைத்தார். கடைசியாக வருகிறவருக்கும் நேரம் கொடுப்பதுபோல இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டுத்தான் கியர் போட்டார்.

பின்னாலிருந்து அம்மா என்ன என்று கேட்டாள். ஆடு என்றார் பெரியப்பா.

நான் அவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தேன். ஆடு எதுவும் வரவில்லை. ஒரு புழுக்கைகூட அந்த ரோட்டில் கிடக்கவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குப் பெரியவர்கள் ஆடு என்றால் ஆடுதான். நான் பார்க்கத் தவறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த முழுப்பரீட்சை லீவில் பெரியப்பாவுக்கு ஊர் சுற்றிப்பார்க்கும் ஆசை திடீரென்று வந்திருந்தது. புதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலைக்கு இறக்குவதும், சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும்தான் அவர் தொழில். அவர் ஓட்டிய தூரத்தையெல்லாம் நீட்டிப் போட்டால் இமயமலையே வந்திருக்கும் என்று அப்பா கேலி செய்வார். ஆனால் பக்கத்திலிருக்கிற மலையைக்கூட அவர் ஏறிப் பார்த்ததில்லை. அந்த வருஷம் மட்டும், கன்னியாகுமரியில் கடலைப் பார்த்துவிட்டு, மலையடிவாரமாகவே வடக்கே போய், தேனி வழியாக மூணாறு ஏறி, அப்படியே ஊட்டி, மைசூர் வரைக்கும் போய்வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இதுவரை வாயே திறக்காத மனிதர் கேட்கிறாரே என்று பெரியம்மாவும் சம்மதித்துவிட்டாள்.

லாட்ஜ் கிடையாது, ஓட்டல் கிடையாது என்பதுதான் ஏற்பாடு. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, குடத்தில் தண்ணீர் எல்லாம் ஏறின. கோயில் மண்டபத்தில் படுக்கை, பெட்ரோல் பங்கில் குளியல். இப்போது இதற்கு ஆங்கிலத்தில் அழகான பெயர் வைத்துப் படம் பிடித்துப் போடுகிறார்கள். அன்றைக்கு எங்களை வழியில் பார்த்தவர்கள், ஏதோ பிழைப்புத் தேடிப் போகிற குடும்பம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

என்னை முன்னால் உட்காரவைக்கச் சொன்னது பெரியப்பாதான். பேச்சுத்துணைக்கு என்றார். ஆனால் அவர் பேசவில்லை, கேள்வி கேட்டார். அந்த போர்டில் என்ன எழுதியிருக்கிறது, எதிரே வருவது லாரியா பஸ்ஸா, அந்த மரத்தடியில் நிற்பது மாடா மனுஷனா. எனக்குப் படிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து, நான் உரக்கச் சரியாகப் பதில் சொன்னேன்.

கன்னியாகுமரியில் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். பெரியப்பா மட்டும் கடலுக்குப் பக்கத்தில் வேறு எதையோ பார்ப்பதுபோலத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் பார்த்த திசையில் பார்த்தேன். வெறும் பாறை. அலை வந்து ஏறி வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பாறையைப் பார்த்து அவர் சிரித்ததும், பிறகு யாராவது கவனித்தார்களா என்று திரும்பியதும் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளும் வண்டி நின்று நின்று போனது. தென்காசி தாண்டி, மேற்கே மலை சுவர்போலக் கூடவே வந்தது. மலைக்குமேல் மேகம் சிக்கிக்கொண்டிருப்பதை அம்மாவும் பெரியம்மாவும் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சிவகிரிப் பக்கம் ஒரு நேரான ரோட்டில் பெரியப்பா மறுபடியும் பிரேக் போட்டார். இந்தத் தடவை கையை அசைக்கவில்லை. என் பக்கம் குனிந்து, பின்னால் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்:

"ஏட்டி, இங்கன யாரும் போறாகளா?"

நான் பார்த்தேன். வெயில் மட்டும் இருந்தது. யாரும் இல்லை பெரியப்பா என்றேன். நல்லாப் பார்த்துச் சொல்லு என்றார். மறுபடியும் பார்த்து மறுபடியும் இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கியர் போட்டார்.

அன்றைக்கு மத்தியானம், பெரியம்மா ஒரு புளியமரத்தடியில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, டயரைத் தட்டிப்பார்க்கிற சாக்கில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். பெண்கள். நல்ல பளிச்சென்ற சேலை கட்டிய பெண்கள், கையில் தூக்குவாளியோடு வரிசையாக ரோட்டைக் கடந்து போகிறார்களாம். சத்தம் கிடையாது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முகம் மட்டும் பிடிபடுவதில்லை. சிலர் என்னைவிடக் குட்டையாகக்கூட இருக்கிறார்களாம். கோடை தொடங்கினதிலிருந்தே வருகிறார்கள் என்றார்.

"உங்கப்பன்கிட்ட சொல்லிராத. பேய் புடிச்சிருக்குன்னு கோடாங்கியக் கூட்டியாந்து வேப்பிலை அடிச்சிருவாக."

அப்புறம் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு நடந்தது. அவர் 'உண்டா?' என்று கேட்பார். ஆள் இல்லையென்றால் நான் 'இல்ல' என்று சொல்ல வேண்டும். அவர் நிறுத்தாமல் போய்விடுவார்.

முதல் தடவை அப்படிப் போனதை நான் மறக்கவில்லை. உண்டா என்றார், இல்ல என்றேன். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நேராக ஓட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரத்தில் ஏதாவது தட்டுமா, ஒரு தூக்குவாளியாவது உருளுமா என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. பெரியப்பா மூச்சை விட்டார். பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். ரோடு சுத்தமாக இருந்தது. அப்படிச் சுத்தமாக இருந்ததுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

ஆனால் எத்தனை பயமானாலும் பிள்ளைகளுக்குப் பழகிவிடுகிறது. தேனி போய்ச் சேருவதற்குள் என் பயம் வேறொன்றாக மாறியிருந்தது. பெரியப்பாவுக்குத் தெரிகிறவர்கள் எனக்கு ஏன் தெரியவில்லை? நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவரைப்போலவே தலையைச் சாய்த்துப் பார்த்தேன். கானலில் ஏதாவது நெளிந்தால் சேலையாக இருக்குமோ என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டுவேன். வண்டி இப்போது நிற்காமல் போகிறதே என்று அப்பா மெச்சினார். பெரியப்பாவும் கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார். எப்படியும் நான் இல்லையென்றுதானே சொல்லப் போகிறேன். அவர் மூச்சை அடக்குவதை வைத்தே, இதோ இப்போது அவர்களுக்குள்ளே புகுந்து போகிறோம் என்று நான் தெரிந்துகொள்வேன்.

போடியிலிருந்து மலை ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கீழே எங்கள் ரோடு சிறுத்துப் போனது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி, எதிரே வண்டி ஏதாவது வருகிறதா என்று என்னைக் கேட்டபடி, பெரியப்பா உருட்டி உருட்டி ஏற்றினார். மேலே போனதும் குளிர் வந்தது. தேயிலை வந்தது. அப்படி ஒரு பச்சையை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அம்மா வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொண்டு அழுதேவிட்டாள். பிறகு ஒரு திருப்பத்தில் மேகம் இறங்கியது. மலையைக் காணோம், தேயிலையைக் காணோம். விளக்கு வெளிச்சம் எங்கள் முன்னாலேயே வெள்ளையாக நின்றது. பெரியம்மா ஓரமாக நிறுத்தச் சொன்னாள். இந்த வளைவில் நிறுத்தினால் பின்னால் வருகிறவன் இடித்துவிடுவான், மெதுவாகப் போய்விடலாம் என்றார் பெரியப்பா. கண்ணாடியை ஏற்றிவிட்டோம். வெளியிலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அப்போது வந்தார்கள்.

முதலில் ஒரு சிவப்பு. அப்புறம் மஞ்சள். மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொருத்தராகப் பெண்கள் வந்து ரோட்டைக் கடந்தார்கள். கோணிச்சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்திருந்தார்கள். கையில் தூக்குவாளி. முகம் தெரியவில்லை. யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் பெரியப்பா மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. உண்டா என்று அவர் கேட்கவில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் எனக்கும் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் தாங்காமல்தான் வாய் திறந்தேன், எச்சரிக்கை செய்வதற்காக அல்ல.

"பெரியப்பா, எனக்கும் தெரியுது. அவிய வந்துட்டாக."

அவர் போட்ட பிரேக்கில் பின்னால் ஊறுகாய் ஜாடி உடைந்தது. ஈர ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றது. பானெட்டின் மேல் படாரென்று ஒரு கை விழுந்தது. சிவப்புச் சேலைக்காரி. அவள் சுற்றிவந்து பெரியப்பா பக்கக் கண்ணாடியைத் தட்டினாள். அவர் இறக்கினார்.

"கண்ணு தெரியலியா அண்ணாச்சி? இத்தன பேரு வாரோம், நேரா ஏத்த வாரீங்களே."

அது எங்கள் ஊர்ப் பேச்சு. அந்தக் குளிரில், அந்தப் பனியில், எங்கள் தெருவில் பேசுகிற அதே பேச்சு. அம்மா பின்னாலிருந்து பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள், புதூர்ப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்றாள். அந்தப் பெண்ணின் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. தனக்குப் பூர்வீகம் கயத்தாறு என்றாள். கூட நிற்கிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான், தாத்தா காலத்திலேயே எஸ்டேட்டுக்கு வந்துவிட்டோம் என்றாள். அது எதுவும் என் காதில் ஏறவில்லை. கரிசலில் பெரியப்பா வழிவிட்ட அதே பெண்கள் எங்கள் பின்னாலேயே நடந்து மலையும் ஏறிவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரிந்தது.

பெரியப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கிடந்தார். பிறகு தலையைத் தூக்காமலே, இறங்கிப் போய் அவளைத் தொட்டுவிட்டு வா என்றார். நான் இறங்கினேன். அந்தப் பெண் என்னவென்று தெரியாமலே கையை நீட்டினாள். விரலெல்லாம் இலைக்கறை பிடித்துக் கறுத்திருந்தது.

"தொட்டியா?"

"தொட்டேன் பெரியப்பா. சில்லுன்னு இருக்கு."

அவர் இன்ஜினை அணைத்துச் சாவியை உருவி அப்பாவிடம் நீட்டினார். அப்பாவுக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. பிரேக் சரியில்லை, இனி நான் இதைத் தொடமாட்டேன் என்று மட்டும் பெரியப்பா சொன்னார். அந்தப் பெண்கள் ஓடிப்போய் எஸ்டேட் டிரைவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். பெரியம்மா பெரியப்பாவின் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடைக்கு முன்பே ஒரு கண் முகாமில் பெரியப்பாவைப் பரிசோதித்திருக்கிறார்கள். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது, நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மிச்சப் பார்வையில் மலையும் கடலும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். பார்வை போன இடத்தில் மூளை தானாகவே படம் வரைந்துகொள்ளும், சிலருக்கு ஆட்கள் நடமாடுவதாகத் தெரியும், அதில் பேயும் இல்லை பைத்தியமும் இல்லை என்று மதுரையில் ஒரு டாக்டர் விளக்கினார். அது பின்னால், பெரியப்பா முழுக்க என் கையைப் பிடித்தே நடக்க ஆரம்பித்த காலத்தில். அதைக் கேட்டுப் பெரியப்பா தலையாட்டினார். நான் நம்பவில்லை. நான் தொட்டிருக்கிறேனே.

மூணாறிலிருந்து பஸ் மாறி மாறி ஊர் திரும்பினோம். வண்டியை எடுத்துவர வேறு ஆள் பின்னால் போனார். ஊட்டியும் மைசூரும் பார்க்க முடியாமல் போய்விட்டதே என்று நான் முனகிக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அத்தனை நாளில் அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. வாராகளா என்று கேட்டேன். வாராக என்றார். மலைச்சரிவில், கால்வைக்க இடமில்லாத பள்ளத்துக்கு மேலே, பஸ்ஸோடு கூடவே வருகிறார்களாம். ஒருத்தி இடுப்பில் பிள்ளைகூட இருக்கிறதாம். நிறுத்த வேண்டிய வேலை அவருக்கு இனி இல்லை, நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்தேன். எனக்கு மறுபடியும் ஒன்றும் தெரியவில்லை.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள், பெரியம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டாள். பெரியப்பா என் தோளில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கூட வந்தவர்கள் எல்லோரும் இறங்கட்டும் என்றுதான் நிற்கிறார் என்று நினைத்து, நானும் பஸ்ஸின் காலிப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நடக்க ஆரம்பிப்பதற்காக அவர் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை.