குடியாத்தம் வழியில் பார்த்த காடை

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம். குடியாத்தம் ரயிலடியில் இறங்கி ஊரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கையில் மூன்று மாதப் பெண் குழந்தை. அவளைப் பெற்ற மறுநாளே என் மனைவி கண்ணை மூடிவிட்டாள். நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்ப்பவன். ஆம்பளை எப்படிப் பெண் குழந்தையை வளர்ப்பான் என்று தெருவே கேட்டது. எனக்கும் அது சரியென்றே பட்டது. குடியாத்தத்தில் இருந்த மனைவியின் அக்கா, தன் ஐந்து பிள்ளைகளோடு இதுவும் வளரட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். கொடுத்துவிட்டு வரத்தான் போனேன்.

வழியில் ஒரு புன்செய்க் கொல்லையோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதுக்காரன் ஒருவன் புல்லில் குந்தியிருந்தான். காடை பிடிக்கிறவன். அவனுடைய சின்னக் கூண்டுக்குள் ஒரு காடை, தூரத்தில் உடுக்கை அடிப்பதுபோல் உறுமிக்கொண்டிருந்தது. கூண்டைச் சுற்றி வலை.

"பாப்பா அழுதா என் பொழப்பு போச்சுண்ணா. கொஞ்சம் பாத்துக்க" என்றான்.

அவள் அழவில்லை. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கழுத்து கறுத்த காடை ஒன்று சண்டைக்கு ஓடிவந்து வலையில் விழுந்தது. எல்லாம் தெரிந்தவன்போல், "நல்ல சேவலாச்சே" என்றேன்.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "சேவலா? பொட்டைண்ணா. கூண்டுல கத்தறதும் பொட்டைதான். இந்த ஜாதிக் காடையில சண்டைக்கு வர்றதெல்லாம் பொட்டைங்கதான். முட்டைய வச்சிட்டு அது பாட்டுக்குப் போய்டும்."

"அப்போ அடைகாக்கறது யாரு?"

நாலடி கூட்டிப்போய் ஒரு புல் கொத்தை விலக்கிக் காட்டினான். தரையில் சின்னக் குழி. அதில் மண் நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஆண் காடை. எங்கள் நிழல் மேலே விழுந்தும் அது எழவில்லை. கண்ணை மட்டும் கொட்டியது.

"குஞ்சு பொரிச்சா மேய்க்கறதும் இவன்தான். இவன நான் தொடமாட்டேன்" என்று புல்லை மூடினான்.

பிறகுதான் குழந்தையின் அம்மா எங்கே என்று கேட்டான். சொன்னேன். கொடுக்கப் போவதையும் சொன்னேன். "ஆம்பள ஒத்தையில எப்டிப்பா வளக்கறது?" என்றேன்.

அவன் வலையைச் சரிசெய்துகொண்டே அந்தப் புல் கொத்தைக் காட்டினான். "அவன்கிட்ட போய்க் கேளு."

எனக்குக் கோபம்தான் வந்தது. காடையும் நானும் ஒன்றா என்று விறுவிறுவென்று நடந்தேன். ஊர் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டேன். குழந்தை இன்னும் என் விரலை விடவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன். புளியமரத்தடியில் அவனைக் காணோம். பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.

அதுவரை அக்கம்பக்கத்துப் பெண்கள் புகட்டிவந்த ஆட்டுப்பாலை நானே புகட்டக் கற்றுக்கொண்டேன். ஷாப்பில் தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டையை இடிக்கும் கொட்டகையில் தூளி கட்டினேன். அங்கே வேலை செய்த பெண்கள் என்னைக் கேலி செய்துகொண்டே அவளை ஆட்டிவிட்டார்கள். சுண்ணாம்பு அரித்த இந்தக் கைக்கு ஜடை பின்ன வருவதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அவள்தான். "குடுக்கறதுக்கா என்ன இட்டுகினு போன? இத்தினி வருசமா சொல்லவே இல்லியேப்பா" என்று பேனாவை வைத்துவிட்டாள். பிறகு அவளே எடுத்தாள். எழுதிக்கொள் அம்மா: நிழல் விழுந்தும் எழுந்து ஓடாத அந்தக் காடைக்கும், அதைக் காட்டிய அந்த மனிதனுக்கும் மனதுக்குள் நன்றி சொல்லாமல் உன் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.