கொண்டைக்குள் ஏறிய பஸ்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் இரண்டு போட்டோ நெகட்டிவை ஒரே தாளில் சேர்த்து, பலா மரத்தில் மீன் காய்க்க வைப்பதற்கு இந்தக் கொல்லிமலையில் என்னை விட்டால் ஆள் கிடையாது. எங்கள் வளப்பூர் நாட்டு ஊர்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் சேலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருட்டறையில் கையால் போட்ட படங்களுக்கு மட்டும் அங்கே கண்காட்சி வைக்கிறார்களாம். என் வீட்டுச் சுவரில் நான் போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அதில் என் வீட்டுக்காரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். மலைப்பாதை வளைந்து வளைந்து போய் அவள் கொண்டைக்குள் நுழையும், நடுவில் ஒரு பஸ்ஸும் ஏறும். வளைவுக்குப் பேரே கொண்டை ஊசி என்றால், அதைக் கொண்டையில்தானே செருக வேண்டும்?

“இது கம்ப்யூட்டர்ல பண்ணதுங்களா ஐயா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “கம்ப்யூட்டரை முடுக்கி உடவே எனக்குத் தெரியாது கண்ணு. உள்ள வா, உன் கண்ணு முன்னாலயே போட்டுக் காட்டறேன்.”

“காட்டுங்க. படம் சேக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். என் கண்ணால பாத்துட்டா உங்க படத்தைச் சேத்துடறேன்.”

போட்டோத் தாள் டப்பாவைத் திறந்தால் ஒரே ஒரு தாள். அது வீணாய்ப் போனால் கண்காட்சியும் போச்சு. இருந்தாலும் எடுத்தேன், என் கை அப்படி!

மிளகு மூட்டை அடுக்கிய அறைதான் என் இருட்டறை. சிவப்பு பல்பு போட்டு, முதலில் வீட்டுக்காரியின் நெகட்டிவைப் படம் பெரிதாக்கும் மெஷினில் செருகினேன். பாதை வரவேண்டிய இடத்தை அட்டையால் மறைத்து, விளிம்பு தெரியாதபடி ஆட்டிக்கொண்டே தாளில் வெளிச்சம் விட்டேன். அப்புறம் பாதையின் நெகட்டிவை மாற்றி, இப்போது அவளை மறைத்தேன். வாயோ ஓயவில்லை, என் பெருமையை அந்தப் பெண்ணிடம் அளந்துகொண்டே இருந்தேன்.

தாளை மருந்தில் போட்டதும் கொண்டை வந்தது, பாதை வந்தது. அடேயப்பா! பழைய படத்தில் முடி ஒரு பக்கம் சுற்றும், பாதை எதிர்ப்பக்கம் வளையும். ஒட்டு தெரியாமல் நிழல் போட்டு மறைத்திருந்தேன். இதிலோ முடி எது, ரோடு எது என்று எனக்கே தெரியவில்லை.

“ஐயா!” என்று அவள் கை தட்டினாள்.

கழுவி வெளியே கொண்டுவந்ததும் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். சிரிப்பு தாங்காமல் முந்தானையை வாயில் வைத்தாள்.

“ஏனுங்க, பஸ்ஸுப் படி சோத்தாங்கைப் பக்கமா இருக்குது? நம்ம ரோட்டுல இதுல ஏறோணும்னா பள்ளத்துல நின்னுதானுங்க ஏறோணும்!”

பார்த்தேன். ஆமாம், பேச்சு மும்முரத்தில் பாதையின் நெகட்டிவைப் பின்பக்கம் முன்னாகத் திருப்பிச் செருகியிருக்கிறேன். இடது வலதாகிவிட்டது. அதனால்தான் வளைவும் முடியும் ஒன்றாய் ஓடியிருக்கின்றன.

அந்தப் பெண் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “கையால பண்றதைப் பாத்துட்டேன். இனி எதை மாட்டறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“பழசைக் குடுங்க,” என்றாள் வீட்டுக்காரி. “மலைக்காரங்க பாத்தா சிரிப்பாங்க.”

பிழைதான். ஆனால் அப்படி ஒரு பிழை வேறு எவன் கைக்கு வரும்? ஈரப் படத்தை அந்தப் பெண் பக்கம் நீட்டினேன்.

“இதை மாட்டு கண்ணு. சிரிக்கறவங்க பஸ் ஏறிச் சேலத்துக்கு வந்து சிரிக்கட்டும்.”