கோட்டுக்கு இருபது அடி

என் அப்பா பந்தயக் கார் ஓட்டியவர் என்று சொன்னால், வன்னியில் நாங்கள் குடியேறிய ஸ்கந்தபுரத்தில் யாரும் நம்பவில்லை. ஆதாரமாக எங்களிடம் இருந்தது ஒரு படம்தான். அதில் மலையகத்தில் அப்பா வேலை செய்த தேயிலைத் தோட்டத்தின் துரை கப்பைத் தூக்கிப் பிடித்தபடி காருக்கு முன்னால் நிற்கிறார். ஓரத்தில், பொனெட்டின் மேல் ஒரு முழங்கை தெரிகிறது. அந்த முழங்கை அப்பா. மலைப்பாதையில் வளைவு வளைவாக அந்தக் காரை ஓட்டி வென்றவர் அவர்தான். ஆனால் கார் துரையுடையது, அதனால் கப்பும் துரைக்கே போனது.

எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது அம்மா என்னையும் அந்தப் படத்தையும்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். எனக்குப் பத்து வயது. வன்னியில் அப்பாவுக்குப் பக்கத்து ஊரான அக்கராயனில் முதலாளி ஒருவரின் ட்ரக்டர் ஓட்டும் வேலை கிடைத்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் எனக்கு அவர்தான் தலை பின்னிவிடுவார். அவ்வளவு நேராக வகிடு எடுக்க அம்மாவுக்கு வராது.

முதலாளி வீட்டு வேலியின் கதியால் கம்பொன்றில் அப்பாவுக்கென்று ஒரு தகரப்பேணி கவிழ்த்திருக்கும். தேத்தண்ணீர் அதில்தான். குடித்ததும் அவரே கழுவி அங்கேயே கவிழ்க்க வேண்டும். சோறு கொண்டுபோன ஒருநாள் அதைக் கண்டேன். அன்றிலிருந்து அந்த முதலாளியை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

பொங்கல் விளையாட்டு விழாவில் ட்ரக்டரை, அதன் பின்னால் பூட்டிய பெட்டியோடு, பின்பக்கமாக ஓட்டும் போட்டி ஒன்று உண்டு. பெட்டி இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். பழகாத கைக்குப் பெட்டி மடிந்து குறுக்கே நின்றுவிடும். அப்பா சுலபமாக வென்றார். ஒலிபெருக்கியில் கூப்பிட்டதோ முதலாளியின் பெயரை. அவர் வேட்டியை உதறிக்கொண்டு மேடையேறிக் கப்பை வாங்க, அப்பா கீழே நின்று கைதட்டினார்.

அந்தக் கைதட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏம்ப்பா தட்டுனீங்க? ஒங்களுக்கு ரோசமே இல்லியா?"

"வேல போயிருச்சுன்னா சோத்துக்கு என்னம்மா பண்றது?" என்றார்.

ஒரு வருடம் முழுக்க நான் அவரிடம் தலை பின்னப் போகவில்லை. அவர் சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

அடுத்த பொங்கலுக்கும் அவரே ஓட்டினார். மற்றவர்களின் பெட்டிகள் நடுவழியில் மடிந்து கிடந்தன. முடிவுக் கோட்டுக்கு இருபது அடி இருக்கும்போது அப்பா நிறுத்தி இறங்கினார். கதிரையில் இருந்த முதலாளிக்கு முன்னால் போய்க் கும்பிட்டார்.

"கப்ப வாங்குறவங்களே கோட்டையும் தாண்டுங்க ஐயா."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? ஏறி ட்ரக்டரை எடு!"

அப்பா அசையவில்லை. சனம் சிரித்தது. "ஏறுங்கோ முதலாளி, கொஞ்சத் தூரம்தானே!" என்று யாரோ கத்தினார்கள். வெட்கத்தில் அவர் ஏறினார். பெட்டி போக வேண்டிய பக்கத்துக்கே ஸ்டியரிங்கைத் திருப்பினார். பெட்டி மடிந்துபோய், கப்பு வைத்திருந்த மேசையைச் சாய்த்தது. இறங்குமுன் பெட்டியைக் கொஞ்சம் கோணலாகவே விட்டுவிட்டு வந்ததாக அப்பா பிறகு அம்மாவிடம் சொன்னார். அன்று நான் கைதட்டியதில் உள்ளங்கை எரிந்தது.

வேலை அன்றே போனது. அப்பா வேலியிலிருந்த பேணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் சீப்போடு போய் அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு அவர் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. முதலாளி சொல்லிவைத்ததால் யாரும் ட்ரக்டர் கொடுக்கவில்லை. மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தார். ரோசம் கேட்டவள் நான். அதை நினைத்தால் முதலாளி மேல் இருக்கும் ஆத்திரம் இரண்டு மடங்காகும்.

மூன்று வருடத்தில் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். ஊருக்காக முதலாளியும் செத்த வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டார்கள்.

"நல்ல டிரைவர், பிள்ளை. அவனைப்போல ஒருத்தன் இனிக் கிடைக்கமாட்டான்," என்றார் என்னிடம்.

பக்கத்து வீட்டார் கேத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணீரை எல்லோருக்கும் கிளாஸில் கொடுத்தோம். அவருக்கு மட்டும் நான் அந்தத் தகரப்பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். அவருக்கு அது எந்தப் பேணி என்று தெரிந்துவிட்டது. சுற்றிலும் சனம். தலையைக் குனிந்து குடித்து முடித்தார்.

"கழுவி வேலியில கவுத்துட்டுப் போங்க ஐயா," என்றேன்.